கடனைக் கடன் என்போம்

ஓர் இயக்கத்தின் கொள்கைப் பிரகடனம்

கடனுக்கு விருது என்று பெயர் சூட்டிய காலம் முடிந்துவிட்டது. அதை வீழ்த்த நாங்கள் கூடவில்லை. அது வீழ்ந்ததைப் பதிவு செய்யக் கூடியிருக்கிறோம்.

நாங்கள் அமெரிக்கக் கல்லூரிகளின் வாசலில் நிற்கும் பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், அவர்களுக்கு வழி சொல்லியே ஓய்வு பெற்ற பள்ளி ஆலோசகர்கள். எங்களுள் சிலர் கல்லூரி நிதியுதவி அலுவலகங்களுக்குள்ளேயே வேலை பார்ப்பவர்கள். அவர்கள் கொண்டுவந்த அறிவு பெரிது, அவர்கள் காட்டிய துணிவு அதைவிடப் பெரிது. எங்கள் கூட்டத்தில் பல மொழி பேசுவோர் உண்டு. பிரகடனத்தை அவரவர் வீட்டு மொழியில் அவரவர் எழுதுவது என்று முடிவெடுத்தோம். கடன் திரையில் ஆங்கிலத்தில் தோன்றுகிறது. அதை வாங்கலாமா என்ற பேச்சு வீட்டு மொழியில்தான் நடக்கிறது. தமிழ் வீடுகளுக்கு நாங்கள் எழுதியது இது.

தமிழுக்கு இந்த விஷயத்தில் ஒரு தனிப் பொறுப்பும் உண்டு. வாங்கியதையும் கடன் என்கிறோம், செய்ய வேண்டியதையும் கடன் என்கிறோம். முதல் பொருளை மாணவரின் தலையில் ஏற்றிய பழைய ஒழுங்கு, இரண்டாம் பொருளைத் தன் தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டது. விலையைச் சொல்வது விற்பவரின் கடன். அந்தக் கடன் தீராதவரை, மற்றக் கடனைப் பற்றிப் பேச எவருக்கும் தகுதியில்லை.

எங்கள் இயக்கம் ஒரு மேடையில் பிறக்கவில்லை, ஒரு சமையலறையில் பிறந்தது. மார்ச் மாதக் கடைசி. நியூ ஜெர்சியின் எடிசன் நகரில், எங்களுள் ஒருத்தியின் வீடு. இரவு பத்தரை மணி. அப்பா இரண்டாம் ஷிப்டு முடிந்து இன்னும் வரவில்லை. மேசையில் ஒருபுறம் மூடி வைத்த ரசச் சட்டி, ஒருபுறம் மடிக்கணினி. கல்லூரியின் மாணவர் தளத்துக்குள் போய், கைபேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணைத் தட்டி, ‘ஃபைனான்ஷியல் எய்ட்’ என்ற பக்கத்தைத் திறந்தாள் மகள். அட்டவணையின் அடியில் ஓர் எண் இருந்தது.

“அம்மா, மீதி கட்ட வேண்டியது ஜீரோன்னு போட்டிருக்கு.”

“ஜீரோவா? அப்போ நாம ஒண்ணுமே கட்ட வேணாமாடி?”

“அப்படித்தான் இருக்கு.”

அம்மா சாமி படத்தின் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு பதினைந்தாயிரம் டாலர் கடனுக்குப் போடப்பட்டது என்பது மூன்று வாரம் கழித்துத்தான் அந்த வீட்டுக்குத் தெரிந்தது.

அந்தத் திரையை இங்கே வைக்கிறோம். கல்லூரி அடையாளம் தெரியாதிருக்க எண்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறோம். அமைப்பில் கை வைக்கவில்லை. ஓராண்டின் மொத்தச் செலவு 34,000 டாலர். அதன் கீழே அரசு தரும் பெல் கிராண்ட் 7,395. கல்லூரி தரும் உதவித்தொகை 9,000. ‘ஃபெட் டைரக்ட் சப்’ 3,500. ‘ஃபெட் டைரக்ட் அன்சப்’ 2,000. ‘வொர்க் ஸ்டடி’ 2,500. ‘ஃபெட் பிளஸ்’ 9,605. ஒவ்வொரு வரியின் வலப்பக்கமும் ‘அக்ஸெப்ட்’ என்று ஒரு பொத்தான். எல்லாம் ஒரே பச்சை, எல்லாம் ஒரே அளவு. கூட்டினால் 34,000. மீதி பூஜ்யம். இவ்வளவுக்கும் மேலே பெரிய எழுத்தில் ‘யுவர் அவார்ட்ஸ்’ என்று தலைப்பு.

முதல் இரண்டு வரி மட்டுமே கொடை. அடுத்த இரண்டும் மாணவியின் பெயரில் எழுதப்படும் கடன். அவற்றுள் ஒன்றுக்குப் படிக்கும் காலத்து வட்டியை அரசு ஏற்கும். மற்றதற்குப் பணம் வந்த நாளிலிருந்தே வட்டி ஓடும். இத்தனை பெரிய வேறுபாடு ‘சப்’, ‘அன்சப்’ என்ற இரண்டு நறுக்குச் சொற்களுக்குள் புதைந்து கிடந்தது. ஐந்தாவது வரி பணமே அல்ல, வேலை. வளாகத்து நூலகத்திலோ உணவுக்கூடத்திலோ உழைத்த பிறகு சம்பளமாக வருவது அது. ஆகஸ்டில் கட்டணம் கட்டும் நாளன்று அது எங்கேயும் இருக்காது. ஆறாவது, பெற்றோர் வாங்கும் கடன். அவர்களுடைய கடன் வரலாற்றைச் சரிபார்த்த பிறகே தருவார்கள், தராமலும் போவார்கள். 2024-25 கல்வியாண்டில் அதற்கு வட்டி 9.08 சதவீதம். கொடுக்கும்போதே 4.228 சதவீதத்தைக் கட்டணம் என்று பிடித்துக்கொண்டார்கள். 9,605 டாலருக்குக் கையெழுத்துப் போட்டால் நானூறு டாலருக்கு மேல் வாசலிலேயே நின்றுவிடும். வட்டி மட்டும் முழுத் தொகைக்கும் உண்டு.

கொடையாக வந்தது 16,395. குடும்பம் சுமக்க வேண்டியது 17,605. திரை பூஜ்யம் என்று சொன்ன இடத்தில் உண்மையில் இருந்த எண் இதுதான். அதில் 15,105 கடன், மிச்சம் அந்தப் பெண்ணின் உழைப்பு. அதுவும் ஓராண்டுக்கு. நான்காண்டுப் படிப்பு என்பது ஊரறிந்த செய்தி. நான்கால் பெருக்கிக் காட்டும் கல்லூரித் தளத்தை நாங்கள் பார்த்ததில்லை.

பரிசில் பெற்ற பாணன் வீடு திரும்பி வட்டி கட்டியதாக நம் பாட்டிலும் இல்லை, தொகையிலும் இல்லை. பரிசில் வேறு, கடன் வேறு என்று அறிந்த மொழி இது. அறிந்த மொழிக்காரர்களே ஏமாந்தோம். ஏனெனில் எங்களிடம் பேசிய மொழி ஆங்கிலம்கூட இல்லை. அது அலுவலகச் சுருக்கெழுத்து.

ஒரு கல்லூரியின் மீது குற்றம் சுமத்துவது எங்கள் நோக்கமன்று. ஒழுங்கு முழுவதும் ஒரே தன்மையானது. அது நிரூபணமும் ஆகிவிட்டது. 2018-இல் நியூ அமெரிக்கா, யூ-அஸ்பையர் என்னும் இரு அமைப்புகள் ஆயிரக்கணக்கான நிதியுதவிக் கடிதங்களைப் பிரித்துப் படித்தன. மாணவர் பெயரிலான, வட்டிச் சலுகை இல்லாத அந்த ஒரே அரசுக் கடனுக்குக் கல்லூரிகள் 136 பெயர்கள் வைத்திருந்தன. அவற்றுள் 24 பெயர்களில் கடன் என்ற சொல்லே இல்லை. சகஸ்ரநாமம் தெய்வத்துக்கு இருக்கட்டும். கடனுக்கு ஒரு பெயர் போதும். 2022-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. தன் மதிப்பீட்டை வெளியிட்டது: 91 சதவீதக் கல்லூரிகள் மாணவர் உண்மையில் கட்ட வேண்டிய நிகரச் செலவைச் சொல்வதே இல்லை, அல்லது குறைத்துச் சொல்கின்றன. இதற்குமேல் எதையும் மெய்ப்பிக்க எங்களுக்கு அவசியமில்லை. தீர்ப்பு வந்துவிட்ட வழக்கில் மீண்டும் சாட்சி சொல்லும் பழக்கம் எங்களுக்கு இல்லை.

ஆகவே அறிவிக்கிறோம்.

ஏற்பு என்பது அறிவின் செயல். பொத்தானை அழுத்துவது விரலின் செயல். அறிவு இல்லாத இடத்தில் ஏற்பு இல்லை, அழுத்தல் மட்டுமே உண்டு. புரியாத எண்ணுக்குக் கிடைத்த இசைவை இசைவு என்று நாங்கள் ஒப்பமாட்டோம். கொடையும் கடனும் ஒரே பட்டியலில் இருப்பதை ஒப்பமாட்டோம். அவை ஒன்றாகக் கூட்டப்படுவதை ஒருபோதும் ஒப்பமாட்டோம். கூட்டல் என்பது கணிதம். எதை எதோடு கூட்டுவது என்பது அறம்.

எங்கள் திரை எப்படி இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு ஐயமே இல்லை. முதல் வரியில் ஓராண்டின் முழுச் செலவு: கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், வீட்டுக்கு வந்துபோகும் செலவு வரை. இரண்டாம் வரியில் திருப்பித் தர வேண்டாத பணம். மூன்றாம் வரியில் முதலிலிருந்து இரண்டைக் கழித்த நிகரம், மற்ற எல்லா எண்ணையும்விடப் பெரிய எழுத்தில். அங்கே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழேதான் கடன் வரலாம், கடன் என்ற முழுப் பெயரோடு வரலாம். எவ்வளவு வட்டி, யார் பெயரில், பட்டம் பெற்றபின் மாதம் எவ்வளவு என்ற மூன்று விடையோடு வரலாம். பச்சைப் பொத்தான் கொடைக்கு இருக்கட்டும். கடனுக்கு வேறு நிறம் வேண்டும். நிறத்துக்கு ஓர் இயக்கமா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தும்போது அவர்கள் சிரிப்பதில்லை.

இவை புதிய கோரிக்கைகளும் அல்ல. வரலாறு இந்தத் திசையில்தான் நடந்துகொண்டிருக்கிறது. நாங்கள் அதன் பக்கத்தில் நடக்கிறோம். 1958-இல் இயற்றப்பட்ட சட்டம் புதுக் கார் ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் விலைச்சீட்டை ஒட்ட வைத்தது. 1968-இல் வந்த சட்டம் கடன் கொடுக்கும் வங்கியை ஆண்டு வட்டி இவ்வளவு என்று எழுத வைத்தது. 1990-இல் வந்த சட்டம் டப்பாவில் அடைத்த உணவின் முதுகில் சர்க்கரையையும் கொழுப்பையும் அச்சிட வைத்தது. காரும் பேசியது, வங்கியும் பேசியது, சோளப்பொரி டப்பாவும் பேசியது. கல்லூரி மட்டும் இன்னும் சைகை காட்டுகிறது. வேடிக்கை என்னவென்றால், கல்லூரி அறிவிக்கும் முழுக் கட்டணத்துக்கு இந்த நாட்டில் வழங்கும் பெயர் ‘ஸ்டிக்கர் பிரைஸ்’. காரிலிருந்து சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்; சீட்டைக் காரிலேயே விட்டுவிட்டார்கள்.

கல்லூரிகளுக்கு முன்மாதிரித் தாள் இல்லை என்பதும் இல்லை. ‘காலேஜ் ஃபைனான்சிங் பிளான்’ என்ற பொது வடிவத்தை அரசே வரைந்து வைத்திருக்கிறது; அதன் முந்தைய வடிவம் 2012-லேயே வந்துவிட்டது. பெரும்பாலான கல்லூரிகளுக்கு அது விருப்பத்துக்குரியது. விருப்பத்துக்குரிய நேர்மையைப் பல கல்லூரிகள் விரும்பவில்லை. சில நூறு கல்லூரிகள் தாமாக முன்வந்து தெளிவான மொழியை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அவற்றை வணங்குகிறோம். அவற்றால் முடிந்தது மற்றவற்றால் முடியாது என்று சொல்ல இனி ஆளில்லை.

இந்த நிதியுதவி தொடங்கிய விதம் வேறு. 1965 நவம்பர் 8 அன்று, டெக்சாஸின் சான் மார்கோஸ் ஊரில் தான் படித்த கல்லூரிக்கே போய், அதிபர் லிண்டன் ஜான்சன் உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். படிப்புக்கு நடுவே கோட்டுல்லா என்ற சிற்றூரில் ஏழை மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன மனிதர் அவர். கல்லூரிக் கதவு அந்தப் பிள்ளைகளுக்குச் சாத்தியிருந்ததை மறக்கவில்லை என்று அன்று பேசினார். 1972-இல் அதே சட்டத்தின் மீது கட்டப்பட்டது, பின்னர் செனட்டர் கிளேபோர்ன் பெல்லின் பெயரைப் பெற்ற நல்கை. எழுபதுகளின் நடுவில் ஓர் அரசுக் கல்லூரியின் செலவில் ஏறத்தாழ முக்கால் பங்கை அந்த நல்கையின் உச்சத் தொகை தாங்கியது. இன்று தாங்குவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இடையில் விழுந்த பள்ளத்தைக் கடன் நிரப்பியது. அரசுக்கு மாணவர் கடன் பாக்கி வைத்திருப்போர் இப்போது நான்கு கோடிக்கும் மேல், பாக்கி 1.6 லட்சம் கோடி டாலருக்கும் மேல். கொடையின் சட்டம் கடனின் சட்டமாக மாறியது. பெயர்ப் பலகை மட்டும் மாறவில்லை.

2024-ஆம் ஆண்டை நாங்கள் மறக்கமாட்டோம். அரசு நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்சா படிவத்தை எளிமையாக்கும் சட்டம் 2020 டிசம்பரில் நிறைவேறியது. எளிமையான படிவம் வழக்கமான அக்டோபரில் வரவில்லை. 2023 டிசம்பர் 30-ஆம் தேதிதான் தலைகாட்டியது, அதுவும் திறந்து திறந்து மூடியது. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பெற்றோர் தம் பகுதியை நிரப்ப முடியாமல் மாதக்கணக்கில் தவித்தார்கள். கல்லூரிகளுக்கு விவரங்கள் போய்ச் சேரவே மார்ச் நடுப்பகுதி ஆயிற்று. மே 1 என்ற முடிவுத் தேதியைப் பல கல்லூரிகள் தள்ளிவைத்தன. அந்த வசந்தத்தில் ஒரு தலைமுறை திரையைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களும், காத்திருக்கக் காசு இல்லாதவர்களும் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் திரும்பி வருவார்கள் என்று எந்தத் தளமும் காட்டாது. எங்கள் இயக்கத்தின் முதல் வரிசை அவர்களுக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது.

திரையே காலியாக இருப்பவர்களும் எங்களவர்கள். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் ஐந்து வயதில் வந்து, இங்கேயே ஏ பி சி டி படித்து, இந்த ஊர்க் கொடிக்கே வணக்கம் சொல்லி வளர்ந்த பிள்ளைக்கு அரசின் நிதியுதவியில் ஒரு டாலரும் கிடையாது. கிரீன் கார்டு வரிசையில் அப்பா நிற்பார். பிள்ளைக்கு வயது நிற்காது. தமிழ் வீடுகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தெளிவைக் கேட்கும் இயக்கம் முதலில் தன் வீட்டுக்குள் தெளிவாக இருக்க வேண்டும்: பத்தாம் வகுப்பிலேயே பிள்ளையிடம் இதைச் சொல்லிவிடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பின் மார்ச் மாதத்தில் ஒரு வெற்றுத் திரையைக் கொண்டு சொல்லவைக்காதீர்கள்.

நாங்கள் மறுப்பவை எவை என்பதையும் மறைப்பின்றிச் சொல்கிறோம்.

கடனை நாங்கள் மறுக்கவில்லை. கடன் வாங்கிப் படித்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய முடிவு சரியான முடிவு. பெயரில்லாத கடனை மறுக்கிறோம். ‘பேக்கேஜ்’ என்ற சொல்லை மறுக்கிறோம்; உள்ளே இருப்பதை மறைக்கவே எதையும் பொட்டலம் கட்டுகிறார்கள். கடனையும் வேலையையும் சேர்த்து ‘செல்ஃப் ஹெல்ப்’ என்று நிதியுதவி அலுவலகங்கள் அழைக்கும் வழக்கத்தை அடியோடு மறுக்கிறோம். நம் பணத்தை நாமே கட்டுவதற்குப் பெயர் உதவி என்றால், பேருந்தில் டிக்கெட் எடுப்பவரும் நடத்துநரிடம் உதவி பெற்றவர்தான்.

நிதியுதவி அலுவலகத்தின் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரைப் பகைவராகக் கருதுவதை மறுக்கிறோம். ஆகஸ்டு மாதத்தில் அவருடைய தொலைபேசி மணியை ஒரு நாள் கேட்டவர்கள் அவர்மீது கோபப்படமாட்டார்கள். திரையை வடிவமைத்தது அவரல்லர். திரையால் முதலில் அடிபடுபவர் அவர்.

படிவம் நிரப்பித் தருகிறோம், பெரிய தொகை வாங்கித் தருகிறோம் என்று காசு கேட்கும் தரகர்களை மறுக்கிறோம். ஃபாஃப்சா என்ற பெயரின் முதல் எழுத்தே இலவசம் என்பதைக் குறிப்பது. இலவசமான படிவத்துக்கு எந்தத் தரகர் எவ்வளவு கேட்டாலும் அது அதிகம்.

எங்களுக்காக ஒரு செயலி செய்து தருகிறோம் என்று வந்தவர்களுக்கும் நன்றி சொல்லி அனுப்பிவைத்தோம். நான்கு கல்லூரிகளில் இடம் கிடைத்த பிள்ளைக்கு ஏற்கெனவே நான்கு தளங்கள், நான்கு கடவுச்சொற்கள், நான்கு அகராதிகள் இருக்கின்றன. ஐந்தாவது எதற்கு? எங்கள் கோரிக்கை இருக்கும் நான்கும் ஒரே மொழி பேச வேண்டும் என்பது மட்டுமே.

வரப்போகும் உரிமைகளுக்காக நிற்கும் நாங்கள், ஏற்கெனவே வந்துவிட்ட உரிமைகளை ஊரறியச் செய்வதை முதற்கடமையாகக் கொள்கிறோம். பழைய ஒழுங்கின் மிகப் பெரிய வெற்றி, சட்டத்தில் இருப்பதைத் திரையில் காட்டாதிருந்தது.

கடனை முழுதாக வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பெற்றோரைச் சார்ந்த முதலாண்டு மாணவருக்கு அரசுக் கடனின் உச்சவரம்பு 5,500 டாலர். அதில் வட்டிச் சலுகையுள்ள பகுதி 3,500-க்கு மேல் போகாது. உச்சவரம்பு என்பது வரம்பு, கட்டளையல்ல. ஆயிரம் போதுமென்றால் ஆயிரம் வாங்கலாம். தொகையைக் குறைக்கும் கட்டம் பெரும்பாலும் ‘அக்ஸெப்ட்’டின் பக்கத்தில் ஒரு சிறிய அம்புக்குறிக்குள் ஒளிந்திருக்கும், அங்கே இல்லையென்றால் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போதும். வட்டிச் சலுகையுள்ளதை முதலில் எடுப்பது, மற்றதைக் கடைசியில் தொடுவது: இந்த வரிசையை அடுப்படியில் எழுதி ஒட்டிவைக்கலாம்.

பொத்தானை அழுத்தாமலேயே மாணவர் கடனை ஏற்றதாகக் கொள்ளும் முறையை விதிகள் சில கல்லூரிகளுக்கு அனுமதிக்கின்றன. மௌனம் சம்மதம் என்ற பழமொழி இந்த நாட்டு நிதிச் சட்டத்திலும் இருக்கிறது என்று அறிந்தபோது வியந்தோம். அதே விதிகள், கடன் வரவு வைக்கப்பட்டதும் அறிவிப்பு அனுப்பி, ரத்து செய்யக் கால அவகாசமும் தர வேண்டும் என்கின்றன. இன்னும் ஒரு படி மேலே, பணம் வந்த 120 நாட்களுக்குள் திருப்பித் தரும் பகுதிக்கு வட்டியும் இல்லை, கட்டணமும் இல்லை. செப்டம்பரில் உண்டியலை உடைத்து எண்ணிப் பார்த்து, இவ்வளவு தேவைப்படவில்லை என்று கண்டால், அந்த 120 நாள் முடியுமுன் திருப்பிவிடலாம். இந்த ஒரு வரி எந்தப் பச்சைப் பொத்தானின் பக்கத்திலும் எழுதப்பட்டிருக்கக் கண்டதில்லை.

வேலை போனதா? மருத்துவமனைச் செலவு குடும்பத்தை உலுக்கியதா? படிவத்தில் இருப்பது இரண்டாண்டுக்கு முந்தைய வருமானம். அது இன்றைய வாழ்க்கையின் கணக்கல்ல என்று கல்லூரியிடம் எடுத்துச் சொல்லி மறுபரிசீலனை கேட்கும் வழி சட்டத்திலேயே உள்ளது. இத்தகைய வேண்டுகோள்கள் எல்லாவற்றையும் மறுப்பதே எங்கள் கொள்கை என்று இனி எந்தக் கல்லூரியும் வைத்துக்கொள்ள முடியாது. எடிசன் சமையலறையின் கதை அங்கேதான் திரும்பியது. அப்பாவின் ஓவர்டைம் நின்று எட்டு மாதமாகியிருந்தது. சம்பளச் சீட்டுகளை வைத்து, ஒன்றரைப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார்கள். மகள் ஆங்கிலத்தில் எழுதினாள், அம்மா பக்கத்திலிருந்து எண்களைச் சரிபார்த்தார். ஐந்து வாரத்தில் பதில் வந்தது. கொடையின் வரி ஓரளவு உயர்ந்தது, பெற்றோர் கடனின் வரி அந்த அளவு இறங்கியது. அற்புதம் எதுவும் நிகழவில்லை. கேட்கலாம் என்று தெரிந்தவர்கள் கேட்டார்கள். தெரியாதவர்கள் அதே இரவில், அதே கல்லூரியின் தளத்தில், ஆறு வரியிலும் பச்சையை அழுத்தினார்கள்.

மேல்முறையீட்டை அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் ஒரே கல்லூரி இரண்டு விலை சொல்கிறது. இந்த வேறுபாட்டுக்கு மதிப்பெண் காரணமல்ல, தேவை காரணமல்ல, செய்தி எட்டியதா என்பதே காரணம். செய்தியை எட்டவைப்பது எங்கள் தொழில்.

2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்கும் பெற்றோருக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 டாலர் என்று அரசு உச்சவரம்பு விதித்திருக்கிறது. ‘ஃபெட் பிளஸ்’ என்ற வரியில் எவ்வளவு பெரிய பள்ளத்தையும் எழுதி மூடிப் பூஜ்யம் காட்டிவந்த தளங்களுக்கு அந்த வசதி குறைகிறது. மூடாத பள்ளத்தைத் தனியார் வங்கிக் கடனால் மூடச் சொல்லும் புதிய வரி எங்கே, எந்தப் பெயரில், எந்த நிறத்தில் வரப்போகிறது என்று எங்கள் ஆட்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

எங்கள் இயக்கத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. 136 பெயர்களின் கதையைக் கேட்ட பிறகு பெயர் வைக்கவே கூசுகிறது. தலைவர் இல்லை, சந்தா இல்லை. ஒரு தாள் இருக்கிறது. அதில் நடுவே ஒரு கோடு இருக்கிறது.

இதைப் படிக்கும் அம்மாவோ அப்பாவோ, அண்ணனோ அக்காளோ, இன்றிரவு பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தளத்தைத் திறந்து பாருங்கள். கோட்டுக்கு மேலே கொடை, கீழே கடன். வேலையை இரண்டிலும் சேர்க்காமல் ஓரத்தில் எழுதுங்கள். சுருக்கெழுத்து புரியாவிட்டால் இருப்பதை இருக்கிறபடியே நகலெடுங்கள். பிள்ளையின் பெயர் வேண்டாம், கல்லூரியின் பெயரும் வேண்டாம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஊர்ப் பொது நூலகத்தின் குழந்தைகள் பகுதியை ஒட்டிய நீள மேசையில் எங்களவர் இருவர் உட்கார்ந்திருப்பார்கள். தாளைக் கொண்டு வாருங்கள். பச்சைப் பொத்தானை அதுவரை தொடாமல் இருங்கள்.